கூட்டம் என்றொரு சௌகரியம்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, பல்லாவரத்துக்கும் கோட்டைக்கும் இடையில், நின்றுகொண்டு. இரண்டாம் முறை வீட்டில், உட்கார்ந்து. நின்றுகொண்டு படித்தபோது அவர் சொல்வதெல்லாம் சரி என்று பட்டது. உட்கார்ந்து படித்தபோது அப்படிப் படவில்லை. இந்த வித்தியாசம் எதனால் என்று யோசித்ததில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

நண்பரின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற முந்நூறு பேருக்கும் அது தெரியும். தெரியாதவர்களுக்கு அது அவசியமும் இல்லை.

அவர் சொல்வது சுருக்கமாக இது. தாம்பரம்-கடற்கரை மின்சார ரயிலில் தினமும் போய்வருகிற கவிஞன் நாளடைவில் மனிதர்கள் மீது வைத்திருந்த நம்பிக்கையை இழக்கிறான். காரணம் சக பயணிகள். பிறர் என்கிற பிரக்ஞையே அவர்களுக்குக் கிடையாது. செல்போனில் பாட்டையும் சினிமா வசனத்தையும் பெட்டி முழுக்கக் கேட்கும்படி வைக்கிறார்கள். எதிர் ஸீட்டில் காலை நீட்டுகிறார்கள். கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். வாயில் குதப்பியதை ஜன்னல் வழியே துப்புகிறார்கள். அது பின்னால் உட்கார்ந்திருக்கிற யார் முகத்திலோ படுகிறது. இவர்களோடு பேசிப் பயனில்லை, ஏனென்றால் இவர்கள் தனிமனிதர்களே அல்ல, வெறும் ஜனத்திரள். கவிஞன் செய்யக்கூடியது ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடித் தனக்குள் ஒரு தனிப்பெட்டியைக் கட்டிக்கொள்வதுதான். நவீன கவிதை அந்தத் தனிப்பெட்டியில் பிறக்கிறது.

டீக்கடையில் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசியபோது எங்களில் மூன்று பேர் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவர், 'நம் எல்லாருடைய அனுபவமும் அதுதானே' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது தப்பு. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நண்பரின் பட்டியலில் பொய் எதுவும் கிடையாது. பதினோரு வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவன் நான். வேண்டுமானால் அந்தப் பட்டியலை நீட்டவும் முடியும். முதுகில் மாட்டிய பையைக் கழற்றாமலேயே திரும்பித் திரும்பிப் பேசி, பின்னால் நிற்கிறவனின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிடுகிற ஆள் உண்டு. நடுக்கம்பியைப் பிடித்துக்கொள்ள நான்கு கைகள் தவிக்கும்போது அதன் மீது முதுகைச் சாய்த்து நிற்கிறவர் உண்டு. ஆபீஸ் கோபத்தையெல்லாம் போனில் கொட்டி, முன்பின் தெரியாத மேனேஜர் ஒருவரின் குடும்ப விவகாரத்தை எண்பது பேருக்கு அறிவிக்கிறவரும் உண்டு. பெண்கள் பெட்டியில் இதெல்லாம் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். என் மனைவி சிரித்தாள். "அங்கயும் வாசல்லதான் நிப்பாங்க, உள்ள போக மாட்டாங்க" என்றாள்.

ஆக, பட்டியல் சரி. ஆனால் பட்டியலில் ஒரு ஆள் குறைகிறார். கட்டுரை முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஜன்னலோர ஸீட்டில் இருக்கிற அந்தக் கவிஞர் தன் பையை எங்கே வைத்திருந்தார் என்கிற தகவல் இல்லை.

இது கிண்டல் அல்ல. என் வாதமே இதுதான். சக பயணியின் அநாகரிகத்தைப் பற்றி எழுதுகிறவன் எப்போதும் அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று எழுதுகிறான். அவன் பார்க்கிற பெட்டியில் எல்லாரும் இருக்கிறார்கள், அவன் இல்லை. இந்த வித்தைக்கு உதவுகிற வார்த்தைதான் 'கூட்டம்'. 'இன்னிக்கு ஒரே கூட்டம்' என்று வீட்டுக்கு வந்து சொல்கிற எவனும், அந்தக் கூட்டத்தில் ஒருவன் தான் என்று எண்ணிச் சொல்வதில்லை. 

வாசலில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். காலை எட்டரை மணி. பல்லாவரத்தில் வண்டி வந்து நிற்கிறது. நிற்பது அரை நிமிஷம் இருக்கலாம். வாசலை அடைத்து ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு அப்பால், இரண்டு வரிசை ஸீட்டுக்கும் நடுவில், பத்துப் பேர் தாராளமாக நிற்கலாம். பிளாட்பாரத்தில் இருக்கிற ஆளுக்கு அது கண்ணாடி போலத் தெரிகிறது. "உள்ள அவ்வளவு இடம் இருக்கே, கொஞ்சம் தள்ளுங்க சார்" என்கிறார். நியாயமான பேச்சு. எப்படியோ இடித்து ஏறிவிடுகிறார். அடுத்த ஸ்டேஷன் திரிசூலம், இரண்டு மூன்று நிமிஷம்தான். அங்கே ஒருவர் ஏற வருகிறார். இப்போது வாசலில் நிற்கும் நம்முடைய ஆள், "எங்க சார் இடம் இருக்கு? அடுத்த வண்டில வாங்க" என்கிறார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. பல்லாவரத்தில் அவர் கண்ணில் பட்ட இடம் திரிசூலத்தில் அவர் கண்ணிலிருந்து நிஜமாகவே மறைந்துவிட்டது.

இந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் ஒரு மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இலக்கியக்காரனுக்கு உரிய கேள்வி. நண்பரிடம் இதற்குப் பதில் கிடையாது. திரிசூலத்தில் நிற்பவரை மட்டும் பார்த்து அவர் பெயர் ஜனத்திரள் என்று எழுதிவிட்டார். பல்லாவரத்தில் நின்றபோது அவர் யார்?

வாசலில் நிற்பவரைக் கேட்டால் காரணம் சொல்வார். அது முட்டாள்தனமான காரணமும் இல்லை. அவர் மாம்பலத்தில் இறங்க வேண்டும். உள்ளே போய்விட்டால் மாம்பலத்தில் வெளியே வர விடமாட்டார்கள். யார்? வாசலில் நிற்கிறவர்கள். அதாவது, வாசலை அடைத்து நிற்கிறவர்களுக்குப் பயந்து இவரும் வாசலை அடைத்து நிற்கிறார். ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி வைத்திருக்கிற அபிப்பிராயத்தால் அந்த அபிப்பிராயத்தை உண்மையாக்குகிறார்கள். நண்பரின் கட்டுரை செய்கிற காரியமும் இதுவே. 'இவர்களோடு பேசிப் பயனில்லை' என்று நினைத்து யாரும் பேசாததால்தான் பயனில்லாமல் போகிறது.

வாசலில் நிற்கிற இந்த மனிதரைச் சட்டம் எழுதினவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் 155ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இவருக்கென்றே எழுதப்பட்டது. தனக்கென்று ஒதுக்கப்படாத பெட்டியில் இன்னொரு பயணி முறைப்படி நுழைவதைத் தடுக்கிறவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்று அதில் வைத்தார்கள். அடுத்த பிரிவான 156, கூரையிலும் படியிலும் பயணம் செய்கிறவருக்கு. அதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொங்குகிறவனுக்கு 500, தொங்க வைக்கிறவனுக்கு 200. படியில் தொங்கியதற்காகப் பிடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே வழிவிடாததற்காக ஒருவரும் பிடிபட்டு நான் பார்த்ததில்லை.

1989கூட இல்லை, இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. இந்திய ரயில்களின் மூன்றாம் வகுப்பைப் பற்றி 1917இல் காந்தி ஒரு கட்டுரை எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பயணம் அதில் வருகிறது. 22 பேருக்கான பெட்டி, ராய்ச்சூர் தாண்டியதும் நிலைமை தாங்க முடியாமல் போகிறது. ஏற வருகிறவர்களைச் சண்டை போட்டுத் தடுத்த வீரர்களும் அந்தப் பெட்டியில் இருந்தார்கள். காந்தி அந்தக் கட்டுரையில் ரயில் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடுகிறார். அதே மூச்சில் பயணிகளையும் விடவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எங்கே உட்கார்ந்து அதை எழுதினார் என்பது. அவர் மூன்றாம் வகுப்பில்தான் போனார். படித்தவர்களும் அதில் போக வேண்டும், போனால்தான் அது சீராகும் என்றார். தனக்குள் ஒரு முதல் வகுப்பைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அவர் யாருக்கும் யோசனை சொல்லவில்லை.

இங்கே எனக்கு இன்னொரு பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரும் என்று தெரியும். நம் இடதுசாரி நண்பர்கள், இதெல்லாம் மேல்தட்டு ஒழுக்க உபதேசம் என்பார்கள். வண்டிகள் போதாது, பெட்டிகள் போதாது, அரசு செய்ய வேண்டியதை விட்டுவிட்டுப் பயணியைத் திருத்தக் கிளம்பிவிட்டான் ஒரு வங்கி குமாஸ்தா என்பார்கள். வண்டிகள் போதாது என்பது உண்மைதான். அதற்காக மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தப் பாதையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1931இல் இதில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. நான் சிறுவனாக இருந்த காலம் வரை மீட்டர் கேஜ். 2004இல் கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டியும் நின்றது. ஒரு மீட்டர் அகலமாக இருந்த பாதை 1.676 மீட்டர் ஆயிற்று. ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டு பெட்டி ஆயின. பாதை அகன்றது, வண்டி நீண்டது, வாசலில் நிற்கிறவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறார். பற்றாக்குறை நெரிசலை உண்டாக்கலாம். நடுவில் இடத்தைக் காலியாக விட்டு வாசலில் நெரிபடுவதைப் பற்றாக்குறையின் கணக்கில் எழுத முடியாது.

2025 ஏப்ரல் 19ஆம் தேதி முதல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன வண்டியும் ஓடுகிறது. தானாக மூடிக்கொள்ளும் கதவு. அதை நான் பழிக்கவில்லை. 2018 ஜூலை 24ஆம் தேதி காலையில், பரங்கிமலையில், படியில் தொங்கி வந்தவர்கள் பாதையை ஒட்டிய கான்கிரீட் சுவரில் மோதி ஐந்து பேர் இறந்துபோனார்கள். மூடிய கதவு இருந்திருந்தால் அவர்கள் ஆபீஸுக்கோ கல்லூரிக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். எந்த வாதமும் அந்த ஐந்து உயிருக்கு மேல் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கதவு தானாக மூடும்போது வெளியே விடப்பட்டவனை யாரும் விட்டுவிட்டதாக ஆகாது. உள்ளே இருப்பவன் மனசில் உறுத்தலும் எழாது. நம்முடைய சங்கடத்தை இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. உயிர் பிழைப்பதற்கு அது வழி. சேர்ந்து வாழப் பழகுவதற்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

இனி இலக்கிய விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் போதலேரைத் துணைக்கு அழைக்கிறார். நகரக் கூட்டத்தை வெறுத்த முதல் நவீன கவி என்கிறார். பி.ஏ. ஆங்கிலம் படித்த பாவத்தால் எனக்கும் போதலேர் கொஞ்சம் தெரியும், ஆங்கிலம் வழியாகத்தான். கூட்டத்தில் கரைந்து, எதிரே வருகிற எவனுடைய வாழ்க்கைக்குள்ளும் புகுந்து வருவதைக் கவிஞனுக்கு மட்டும் வாய்த்த சந்தோஷமாகக் கண்டவர் அவர். வெறுப்பும் உண்டு, ஆனால் அந்த வெறுப்பில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். வெறுப்பை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, தன்னைச் சேர்த்துக்கொண்டதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

ஜெர்மானியச் சிந்தனையாளர் ஸிம்மல் 1908இல் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார். பஸ்ஸும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்னால், ஒருவரோடு ஒருவர் பேசாமல் நிமிஷக் கணக்கில், மணிக் கணக்கில் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நிலை மனிதர்களுக்கு ஏற்பட்டதே இல்லை என்கிறார். ஐரோப்பாவுக்கு இது முழு உண்மையாக இருக்கலாம். நமக்குப் பாதிதான். நம் ஊரில், ரயில் வருவதற்கு முன்னால், முன்பின் தெரியாதவன் தோளோடு தோள் உரசி உட்காருகிற நிலையே கிடையாது. யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அடிக்கணக்கு வைத்திருந்த சமூகம் இது. ரயில்தான் டிக்கெட் எடுத்தவனையெல்லாம் ஒரே பலகையில் உட்கார வைத்தது. நண்பர் தன் கட்டுரையில் 'அருவருப்பான உரசல்' என்று நாலு இடத்தில் எழுதுகிறார். அந்த அருவருப்பை அவர் நவீன மனிதனின் அந்நியமாதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது பாரீஸிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. நம் தாத்தா திண்ணையிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. தீட்டு என்கிற பழைய சரக்குக்குப் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறோம். நண்பர் ஜாதி பார்க்கிறவர் என்று நான் சொல்லவில்லை, நிச்சயமாகப் பார்க்கிறவர் இல்லை. ஆனால் ஒரு உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காமல் அதைக் கவிதையின் ஊற்று என்று அறிவிப்பது விமர்சனம் ஆகாது. இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். வாசலில் கூடையோடு நிற்கிற பூக்காரம்மாவை, 'வெண்டார் பெட்டில ஏறக் கூடாதா' என்று எத்தனை பேர் அதட்டுகிறார்கள், அதே வாசலில் முதுகில் கணினிப் பையோடு நிற்கிறவரை எத்தனை பேர் அதட்டுகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.

புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' நம் எல்லோருக்கும் பிடித்த கதை. நடைபாதையில் ஒரு கிழவன் சாகிறான், ஊர் அவனைத் தாண்டிப் போகிறது. இந்தக் கதையை எத்தனை முறை பேசியிருக்கிறோம்! ஒவ்வொரு முறையும் நாம் அதைப் பார்க்கிற கண்ணாகத்தான் இருந்தோம். தாண்டிப் போகிற காலாக ஒருவரும் தன்னை நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷம் இருக்கும். ஐப்பசி மழை நாள். மாலையில் கடற்கரையில் ஏறினேன். அங்கே வண்டி காலியாகத்தான் கிளம்பும், உட்கார இடம் இருந்தது. இருந்தும் நான் வாசலுக்குப் போய் நின்றேன், காற்றுக்காக. கையில் இந்தப் பத்திரிகையின் பழைய இதழ். எழும்பூரிலும் மாம்பலத்திலும் கூட்டம் ஏறியது. என்னை இடித்துக்கொண்டு போனவர்களை முறைத்தேன். கிண்டி வந்தபோது வாசலில் நாங்கள் ஆறு பேர். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர், துணிப்பையோடு, என் எதிரே வந்து நின்று, "கொஞ்சம் நகருங்க சார்" என்றார். எனக்குப் பின்னால் இரண்டடி காலியாக இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தால் போதும். நான் அவரைப் பார்க்காமல் பத்திரிகையைப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தார், மற்ற கால் வைக்க இடமில்லை. நாலு எட்டு கூடவே நொண்டி ஓடி, கையை விட்டு, பிளாட்பாரத்தில் முழங்கால் தட்டி விழுந்தார். எழுந்துவிட்டார். அவ்வளவுதான், அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அவருடைய ஒரு செருப்பு எங்கள் படியில் தங்கிவிட்டது. நீலப் பட்டை ரப்பர் செருப்பு. பரங்கிமலை வரை அது அங்கேயே கிடந்தது. பிறகு யார் காலிலோ பட்டுத் தண்டவாளத்தில் விழுந்தது. என் காலாகவும் இருக்கலாம்.

அன்று நான் நகராததற்கு நண்பர் தரக்கூடிய எந்த விளக்கமும் பொருந்தாது. நான் படிக்காதவன் இல்லை. பிறர் என்கிற பிரக்ஞை இல்லாமல் இல்லை. அவர் முகம், பை, செருப்பு எல்லாம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஜனத்திரளில் என் சுயம் கரைந்துபோகவும் இல்லை. உண்மையில் அன்று அந்தப் பெட்டியிலேயே தன்னைத் தனிமனிதனாக மிக அதிகமாக உணர்ந்துகொண்டிருந்தவன் நான்தான். கையில் கவிதை இருந்தது.

நண்பர் புகழ்கிற அந்த மனத் தனிப்பெட்டியில் அன்றைக்கு நானும்தான் இருந்தேன். அதன் கதவு ஒருவருடைய முழங்காலில் பட்டது.

சரி, என்னதான் செய்வது? நம்மில் மூன்று வகையாகச் செய்கிறார்கள். ஒரு வகை, முறைத்துவிட்டு ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்வது. தமிழில் பேசினால் சமமாகிவிடுவோம் என்கிற பயம் அதில் இருக்கிறது. இரண்டாவது வகை சமீப காலத்தது. எதிரே இருப்பவனிடம் ஒரு வார்த்தை பேசாமல், செல்போனில் அவனைப் படம் எடுத்து, பெட்டிக்கு வெளியே இருக்கிற ஆயிரம் பேருக்கு அனுப்பி, அவர்களைக் கொண்டு திட்ட வைப்பது. அடுத்தவன் போனில் பாட்டு வைக்கிறான் என்று இவன் போனில் அவன் மானத்தை வைக்கிறான். மூன்றாவது, நண்பர் சொல்கிற மௌனம். மூன்றிலும் நடக்காத ஒரே காரியம், எதிரே இருக்கிறவனிடம் கேட்பது.

கேட்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? இது மொழிப் பிரச்னை என்று எனக்குத் தோன்றுகிறது. வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க மனிதர்கள் கேட்பதைக் கேட்கிறவன் நான். மாத ஆரம்பத்தில் பென்ஷன் வாங்க வருகிற பெரியவர், பாஸ்புக்கில் வரவு பதித்துத் தரச் சொல்வதற்கு மூன்று 'சார்' போடுவார். அது அவருக்கு நான் செய்கிற தயவு அல்ல, என் வேலை. அவர் அப்படிக் கேட்கும்போது, அதைத் தயவாக ஆக்கிக்கொள்ள எனக்கே ஆசை வருகிறது. அடுத்து வருகிறவர் 'யோவ், எவ்வளவு நேரம்' என்கிறார். அவருக்கு உடனே செய்யக் கூடாது என்று தோன்றுகிறது. கெஞ்சவும் ஏசவும் நம்மிடம் வார்த்தைகள் குவிந்துகிடக்கின்றன. உரிமையுள்ளவன் இன்னொரு உரிமையுள்ளவனிடம் சாதாரணமாகக் கேட்பதற்குத்தான் தடுமாறுகிறோம். ரயிலிலும் அதே தடுமாற்றம். 'சார்' என்றால் அவர் மேலே போய்விடுகிறார். 'யோவ்' என்றால் கீழே விழுந்துவிடுகிறார். 'அண்ணே', 'தம்பி', 'அக்கா' என்றால் உறவு கொண்டாடிச் சலுகை கேட்கிறோம். 'பெரியவரே' என்றால் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது. மிச்சம் இருப்பது 'ஏங்க' ஒன்றுதான். அதில் வயசு இல்லை, உத்தியோகம் இல்லை, ஜாதி இல்லை. மரியாதை மட்டும் இருக்கிறது. புருஷன் பெயரைச் சொல்லாமல் இருக்க வீட்டில் வைத்துக்கொண்ட வார்த்தைதான், பெயர் தெரியாத மனிதர்கள் நிறைந்த பெட்டியில் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்துகொள்கிறது!

மூன்று வருஷமாக நான் கேட்டுப் பார்க்கிறேன். "ஏங்க, நீங்க எங்க இறங்கணும்? மாம்பலமா? அப்ப உள்ள வந்துருங்க, சைதாப்பேட்டை வந்ததும் நான் வழி விடறேன்." வெற்றிக் கதை சொல்லப்போவதில்லை. பாதிப் பேர் நகர்கிறார்கள். சிலர் முறைக்கிறார்கள். போன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு ஒரு பையன் உடனே குறைத்து, 'சாரிண்ணா' என்றான். அடுத்த வாரம் அதே வயசுப் பையன் ஒருவன், "காதைப் பொத்திக்க" என்றான். பெட்டி சிரித்தது. எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு சமயம், எதிர் ஸீட்டில் காலை நீட்டியிருந்த ஒருவரிடம் கேட்கப் போனேன். காலை மடக்க முடியாது, கம்பி வைத்திருக்கிறது என்றார். அதுவும் கேட்டதால் தெரிந்தது. கேட்டிராவிட்டால் அவர் நண்பருடைய பட்டியலில் ஏறியிருப்பார்.

வங்கிப் பயிற்சிக்காக மும்பையில் இரண்டு மாதம் இருந்தேன். நம் நெரிசல் அந்த நெரிசலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விரார் வண்டியில் போரிவிலியில் ஏறுகிறவர்களை உள்ளே விடாத கோஷ்டிகள் அங்கே உண்டு. அவர்கள் திரிசூலத்து ஆளுக்கு அண்ணன்கள். ஆனால் அதே வண்டியில் மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளுக்கு இடம் கொடுப்பது எழுதாத சட்டம். வாசலை நோக்கி நகருகிறவன் முன்னால் நிற்பவனிடம், எங்கே இறங்குகிறாய் என்று கேட்டு அவன் பின்னால் நின்றுகொள்கிறான். இதை எந்த அதிகாரியும் உத்தரவு போட்டுக் கொண்டுவரவில்லை. ஆயிரக்கணக்கான அநாமதேயங்கள், தினம் தினம் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு உண்டாக்கின வழக்கம். ஜனத்திரளுக்குச் சுயம் இல்லை என்கிறார் நண்பர். அது வழக்கத்தை உண்டாக்குகிறது. நாம் இருபது வருஷமாகச் சிறுபத்திரிகை நடத்தி, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது என்கிற வழக்கத்தைக்கூட உண்டாக்கவில்லை.

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம்முடைய இந்தச் சின்ன வட்டமும் ஒரு பெட்டிதான். இதில் ஏற வாசலில் தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. முதல் கட்டுரையை அனுப்பிவிட்டு ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருந்தேன். உள்ளே இடமில்லை என்று சொன்னவர்களைச் சபித்தேன். இன்று யாராவது ஒரு பையன் கவிதை அனுப்பினால், மேலோட்டமாகப் படித்துவிட்டு 'இன்னும் பக்குவம் வேண்டும்' என்று எழுதி அனுப்புகிறேன். பக்குவம் வேண்டியதாகவும் இருக்கலாம். ஆனால் அதை எழுதும்போது என் குரலில் திரிசூலம் கேட்கிறது.

நண்பரும் நானும் ஒரே வண்டியில்தான் போகிறோம் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. அவர் தாம்பரத்தில் ஏறுகிறார், எட்டரை மணி வண்டி, கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி. திங்கட்கிழமை நான் அந்தப் பெட்டியில் ஏறுவதாக இருக்கிறேன். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் கவிதையைக் கலைக்க எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்பேன். பக்கத்து ஸீட்டில் பை இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அவர் சொல்லாமலே எடுத்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.